நர்ஸ் அறை பூட்டிக் கிடந்தது

விடிவதற்குள் பனி கொட்டி ஓய்ந்திருந்தது. அப்படியென்றால் அன்று கூலி வேலை உண்டு. டெலோராவும் அவள் தம்பி மைக்காவும் அவென்யூ நெடுகக் கடை வாசல்களில் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே கிடந்தது பஞ்சாக வந்தது. அடியில் இறுகிய பனிக்கட்டி மண்வாரியைத் திருப்பி அடித்தது. ஒவ்வொரு குத்துக்கும் தோள்பட்டை வரை அதிர்ந்தது. தூவிய உப்பு கையுறைக் கிழிசலில் புகுந்து விரல் வெடிப்புகளில் எரிந்தது.

முடிதிருத்தும் கடை வாசலுக்கு வந்தபோது மைக்காவின் நெஞ்சு சீழ்க்கையடிக்கத் தொடங்கியது. அவனுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா.

"போய் ஓரமா நில்லுடா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"நின்னா குளிரும். வாரினா குளிராது."

"வாயாடாத. மூச்ச மிச்சம் புடி."

வாரி முடித்து, ஈரக் காலணிகளோடு பள்ளிக்கு வந்து எங்கள் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. வாசலில் உலோகச் சோதனைக் கருவி. பெல்ட்டைக் கழற்ற வேண்டும், காலணியைக் கழற்ற வேண்டும், பையைக் கவிழ்க்க வேண்டும். பாடப் புத்தகம் இல்லாத பையை எங்களில் பலர் கவிழ்த்துக் காட்டினோம். தரையில் சேறும் பனியும் கலந்து ஓடும். காலுறை நனைந்துதான் முதல் வகுப்புக்குப் போவோம்.

போன வருஷம்வரை இத்தனை கூட்டம் கிடையாது. மாநில அரசு நகரத்துப் பள்ளிகளுக்குத் தரும் பணம் குறைந்ததும், ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளியை மூடி, அந்தப் பிள்ளைகளை எங்கள் தலையில் கட்டினார்கள். பாலத்துக்காரர்களும் அவென்யூக்காரர்களும் சின்ன வகுப்பிலிருந்தே முறைத்துக்கொண்டவர்கள். ஒரே கூரைக்குள் அடைத்ததும் அடிதடி கூடியது. அடிதடி கூடியதென்று காவலர்களைக் கூட்டினார்கள். காவலர்களுக்குச் சம்பளம் வேண்டுமென்று பிள்ளைகளின் மனக்குறை கேட்கும் ஆலோசகர் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். நர்ஸ் செவ்வாயும் வியாழனும் மட்டும் வந்துபோனார்.

அன்று புதன்கிழமை.

மைக்கா கருவியைத் தாண்டி வந்தான். காலணி கட்ட அவனால் குனிய முடியவில்லை. மூச்சுமருந்துக் குழலை எடுக்கச் சட்டென்று மேல்கோட்டுக்குள் கையை விட்டான்.

"கைய வெளிய எடு" என்றார் காவலர் பர்னெல்.

மைக்காவுக்குப் பேச்சு வரவில்லை. கையையும் எடுக்கவில்லை. பர்னெல் அந்தக் கையை முறுக்கி அவன் முகத்தைச் சுவரோடு அழுத்தினார். ஏதோ முறியும் சத்தம் வரிசையில் நின்ற எங்களுக்கே கேட்டது. சின்ன நீலக் குழல் ஒன்று விழுந்து ஈரத்தரையில் உருண்டது.

"அது மருந்து. அவனுக்கு மூச்சு வரல" என்று டெலோரா பாய்ந்தாள். வேறொரு காவலர் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

குழலை எடுத்தது ரோஷெல். பாலத்துக்காரி. இரண்டு மாதம் முன்னால் சாப்பாட்டுக் கூடத்தில் டெலோராவின் பின்னலைப் பிடித்துத் தரையில் இழுத்தவள். காவலர்களின் கால்களுக்கிடையே தவழ்ந்து போய், சுவரோடு சரிந்துகொண்டிருந்த மைக்காவின் வாயில் குழலை வைத்து அழுத்தினாள். அவன் உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் அறைக்கு ஓடினோம். கதவு பூட்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கதவடியில்தான் அவனைக் கிடத்தியிருந்தோம்.

உயிர் பிழைத்தான். மணிக்கட்டு முறிந்திருந்தது.

மறுநாள் மாலை தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் கூடினோம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள், பக்கத்துக்கொரு சுவரோரமாக.

"பர்னெல் கார் நிறுத்துற எடம் எனக்குத் தெரியும்" என்றான் ஒருவன். "நாலு பேர் போதும்."

"அடிச்சிட்டு?" என்றாள் ரோஷெல். "நாளைக்கே பேப்பர்ல நம்ம மூஞ்சி வரும். 'இதுங்களுக்கு இன்னும் பத்துக் காவலர் போடுங்க'ம்பாங்க. அதுக்கு நீயே வழி பண்ணிக் குடுக்கறியாடா?"

"அப்ப சும்மா உக்காரவா?"

"ஆமா, உக்காரத்தான் போறோம்" என்றாள் டெலோரா. "நர்ஸ் ரூம் வாசல்ல. எவன் தள்ளினாலும் கை ஓங்கக் கூடாது."

சொல்வது எளிது. ஒத்திகை பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒருவர் தள்ள வேண்டும், திட்ட வேண்டும். மற்றவர் உடம்பைத் தளரவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். டெலோராவுக்கு ஜோடியாக ரோஷெல் வந்து நின்றாள். தோளில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். டெலோராவின் விரல்கள் தானாக மடங்கி முஷ்டியாயின. மெல்ல விரலை விரித்தாள்.

"உன்ன எனக்கு இன்னும் புடிக்கல" என்றாள்.

"யாரு புடிக்கச் சொன்னா? நிமிந்து உக்காருடீ."

திங்களன்று காலை உட்கார்ந்தோம். தொடக்கத்தில் முப்பது பேர்கூட இல்லை. நண்பகலுக்குள் கல்வி வாரியத்திலிருந்து கிரேட்டன் என்பவர் வந்தார். அவர் பின்னால் காவலர்கள். அவர்களில் பர்னெலும் நின்றார்.

"உங்க கோவம் எனக்குப் புரியுது. அந்தப் பையன் விஷயம் ரொம்ப வருத்தம்" என்றார் கிரேட்டன். "என்ன வேணும், சொல்லுங்க."

"இந்தக் கதவு எல்லா நாளும் தெறந்திருக்கணும். உள்ள நர்ஸ் இருக்கணும். ஆலோசகரம்மா திரும்ப வரணும். எங்கமேல கை வைக்கறது நிக்கணும்" என்றாள் டெலோரா.

"பணம் தலைநகரத்துலேர்ந்து வரணும்மா. என் கையில இல்ல."

"வாசல்ல போன வாரம் புது மெஷின் வந்துச்சே. அது யாரு கையிலேர்ந்து வந்துச்சு?" என்றாள் ரோஷெல்.

"அது பாதுகாப்பு நிதி. பட்ஜெட்ல வேற தலைப்பு."

"மூச்சு எந்தத் தலைப்புல சார் வரும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கிரேட்டன் சிரிக்கவில்லை. குனிந்து, டெலோராவிடம் மட்டும் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"நீதான அவனோட அக்கா? பர்னெல இன்னிக்கே வேலைய விட்டு எடுத்துடறேன். எல்லாரையும் கூட்டிட்டு க்ளாசுக்குப் போ."

பர்னெல் எங்கள் தெருக்காரர்தான். டெலோராவின் அம்மாவோடு இதே பள்ளியில் படித்தவர். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் போகவேண்டுமென்று அவள் எத்தனை வேண்டியிருப்பாள் என்று எங்களுக்குத் தெரியும். தம்பியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டுத்தான் அன்று காலை வந்திருந்தாள். பர்னெலை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு என் தம்பி முன்னால நின்னு பதில் சொல்லணும். அத நான் விடமாட்டேன்" என்றாள். "ஆனா அத வெச்சு எங்கள எழுப்பாதீங்க. இவர அனுப்பிட்டு அதே எடத்துல இன்னொருத்தர நிறுத்துவீங்க. அடுத்த புதன்கிழமை இன்னொரு புள்ளைக்கு மூச்சு முட்டும். கதவு பூட்டித்தான கெடக்கும்?"

கிரேட்டன் நிமிர்ந்தார். "சரி. தூக்குங்க" என்றார் காவலர்களிடம்.

இருவர் முன்வரிசையில் ஒரு பையனைத் தூக்கினார்கள். அவன் ஈரத் துணிபோலத் தொங்கினான். இறக்கிவிட்டதும் நடந்து வந்து மறுபடி உட்கார்ந்தான். பர்னெல் டெலோராவின் முன்னால் வந்து நின்றார். குனியவும் இல்லை, விலகவும் இல்லை. ரோஷெல் தன் கையை டெலோராவின் கைக்குள் கோத்து இறுக்கிக்கொண்டாள்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மூன்றாம் மாடி வகுப்புகள் காலியாகிக்கொண்டிருந்தன. பாலத்துக்காரர்களும் அவென்யூக்காரர்களும் கலந்து இறங்கி வந்து, பேசாமல், கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். கிரேட்டன் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ, "இல்ல, இன்னும் வந்துட்டே இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவு இன்னும் பூட்டியேதான் இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கடைசியாக வந்து, கால் வைக்க இடமில்லாமல் தயங்கி நின்றாள்.

"எங்க உக்கார?" என்றாள்.

டெலோராவும் ரோஷெலும் கோத்திருந்த கையை விட்டு, ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள்.

"நடுவுல வா" என்றாள் ரோஷெல்.