முப்பத்தொன்றாம் வரி

தாம்பெரே நகரக் குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடம் போடும் தூரேவுக்கு நாற்பத்து நாலாவது வயதில் கல்யாண ஆசை வந்தது. ஆசை வந்தால் மனிதன் என்ன செய்வான்? அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்வான். தூரே ஷேடர் எழுத உட்கார்ந்தான்.

ஷேடர் என்பது பிரவுசரில் ஓடுகிற சின்ன நிரல். திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் பிடித்து வைத்து, உன் நிறம் என்ன, இப்போது என்ன, இப்போது என்ன என்று நச்சரித்துக்கொண்டே இருக்கும். தூரிகை கிடையாது, புகைப்படம் கிடையாது, எல்லாம் வெறும் கணக்கு. அதை வைத்து மலை, கடல், மேகம் எல்லாம் செய்து ஒரு தளத்தில் போடுவார்கள். ஜன்னலைத் திறந்தால் இலவசமாகத் தெரிகிற மேகத்துக்கு வாரக்கணக்கில் கணக்குப் போடுகிற ஜனங்கள் இவர்கள். அங்கே கெட்டிக்காரத்தனம் என்றால் நிரலைச் சுருக்குவது. ஒருவர் போட்ட படத்தை இன்னொருவர் எடுத்து, அதே படம் குறைந்த எழுத்தில் வரும்படி வெட்டித் திருப்பிக் கொடுப்பார். அதைவிடப் பெரிய பாராட்டு அங்கே இல்லை. வேறு இடமாக இருந்தால் அடிதடியே நடக்கும்.

தூரேயின் படங்களை வெட்டுகிறவள் ஹெல்யா. ஓவுலுவில் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். நல்லாயிருக்கு என்று அவள் ஒருநாளும் எழுதியதில்லை. "இது தேவையில்ல" என்று எழுதுவாள். பாதி வரிகள் காணாமல் போயிருக்கும், படம் முன்னைவிடப் பளிச்சென்று இருக்கும். போன ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் இந்தக் கூட்டமெல்லாம் ஒன்று சேர்ந்தபோது இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மாலை முழுக்கத் திரையைப் பார்த்தார்கள். எழுந்து போகும்போது, "பரவாயில்ல" என்றாள். படத்தைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா என்று தூரே இந்த ஜூன் வரை யோசித்தான். இதற்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஆனால் அது பேச்சுவார்த்தை ஆகிவிடுமே.

வெளியே சூரியன் மறையவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மாதத்தில், இவன் திரைச்சீலையை இழுத்துவிட்டு இருட்டு வானம் செய்தான். ஏரிக்கு மேலே பச்சை வடதுருவ ஒளி நெளியும். விஷயம் முப்பத்தொன்றாம் வரியில் இருந்தது. ஒரு நிமிடம் கழிந்ததும் அந்த ஒளி மெல்லக் கூடி எழுத்தாக நிற்கும். 'துலெட்கோ?' அவர்கள் மொழியில் வருவாயா என்று அர்த்தம். இந்த ஊருக்கு, இந்த வீட்டுக்கு, என்னோடு இருக்க என்பதெல்லாம் அதற்குள் அடக்கம் என்று அவன் நினைப்பு.

அதைத் தளத்தில் போட்ட மறுநாள் மதியம் சந்தையில், கூட வேலை பார்க்கும் என்சியோவிடம் விஷயத்தைச் சொன்னான். என்சியோ கருப்பு சாசேஜை ஜாமில் தோய்த்தபடி கேட்டான்.

"நேர்ல கேளேன்டா. ஓவுலுக்குத்தான் ரயில் இருக்கே."

"நேர்லயா? வாயாலயா?"

"வேற எதால கேப்பாங்க?"

"திடீர்னு போய் நின்னா அவளுக்குச் சங்கடமா இருக்கும்டா."

"அதான் உலகமே பாக்குற எடத்துல போட்டு வச்சிருக்கியாக்கும். ரொம்பக் கூச்சந்தான் உனக்கு."

தூரே போனை எடுத்துத் தளத்தைப் பார்த்தான். ஹெல்யா இன்னும் வரவில்லை. லைப்சிக்கிலிருந்து ஒரு மகானுபாவன் வந்திருந்தான். "முப்பத்தொன்னாவது வரி ஒண்ணுமே பண்ணல. தூக்கிட்டேன். படம் அப்படியேதான் இருக்கு" என்று எழுதி, பாதியாகச் சுருக்கிய நிரலையும் போட்டிருந்தான். ஆளாளுக்குக் கைதட்டியிருந்தார்கள். சுருங்கியது எதுவோ அதுதான் தளத்தில் மேலே நிற்கும். ஹெல்யா எப்போதும் மேலே நிற்பதை எடுத்துத்தான் வெட்ட ஆரம்பிப்பாள்.

என்சியோ எட்டிப் பார்த்தான். "உன் கல்யாணத்தையே வெட்டிட்டான்டா ஜெர்மன்காரன்" என்றான்.

தூரே பத்து மாதம் சேர்த்துவைத்த தைரியம் யாரோ ஒருவனுக்கு வேண்டாத வரியாகிப் போனது. சாசேஜ் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு விரலால் தட்டினான்: "அந்த வரி வேணும்."

உடனே பதில் வந்தது. "எதுக்கு பாஸ்?"

"ஒரு நிமிஷம் பாத்தா தெரியும்."

"ஒரு நிமிஷமா? ஒரே படத்தை யாரு அவ்ளோ நேரம் பாப்பா?"

தூரே எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். "ஒருத்தி பாப்பான்னு நெனச்சேன்." மற்ற ஊர்க்காரன் நடுத்தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்துவதற்கு இது சமம். அனுப்பிவிட்டு முகமெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தான்.

இப்போது உலகமே ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தது. பார்த்து என்ன புண்ணியம்? எழுத்து சரியாக வருகிறதா என்று சோதனையா என்றான் ஒருவன். கெட்ட வார்த்தையா என்று ஆசையோடு கேட்டான் இன்னொருவன். லைப்சிக்காரன் மட்டும், கோட்டை வளைத்து எழுதினால் அந்த எழுத்துகளையே இன்னும் சிக்கனமாகப் போடலாம் என்று யோசனை சொன்னான். ஹெல்யாவிடமிருந்து சத்தமே இல்லை. வார இறுதி முழுக்க இல்லை. தூரே குளியலறையில் இருந்தபடியும் போனைப் பார்த்தான். என்சியோ முதல்முறையாகக் கிண்டல் செய்வதை நிறுத்தினான், அது இன்னும் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் குழாய் வரைபடத்துக்குப் பின்னால் தளத்தைத் திறந்தான். ஹெல்யா வெட்டியிருந்தாள். மேலே நின்றதை அவள் தொடவில்லை. தூரே முதலில் போட்டதை எடுத்து அங்கிருந்து ஆரம்பித்திருந்தாள். ஏரியைச் சுருக்கியிருந்தாள், நட்சத்திரங்களில் பாதியைத் தள்ளியிருந்தாள். முப்பத்தொன்றாம் வரி பத்தொன்பதாம் வரியாகி இருந்தது, ஆனால் இருந்தது.

ஒரு நிமிடம் காத்திருந்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிடம் வந்ததில்லை. பச்சை ஒளி கூடி நின்றது.

'துலென்.'

வருவேன். கீழே வழக்கம்போல ஒரே வரி: "கேள்விக்குறி தேவையில்ல."

லைப்சிக்காரன் கைதட்டியிருந்தான், நல்ல சிக்கனம் என்று.

தூரே பதிலுக்கு ஒரு பத்தி எழுதினான். ஆகஸ்ட், பெஞ்ச், பரவாயில்ல எல்லாம் அதில் இருந்தது. படித்துப் பார்த்தான். எப்படியும் வெட்டிவிடுவாள் என்று தோன்றியது. தானே வெட்டி, கேள்விக்குறிகூட வைக்காமல் "எப்போ" என்று மட்டும் அனுப்பினான்.