கல்லீரல் கழுவும் மாத்திரை

குடும்பத்தில் அவளுக்கு ‘டாக்டரம்மா’ என்று பட்டப்பெயர். படித்தது மருந்தாளுநர் படிப்புதான். வேலை செய்வது கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில். அண்ணன் கேலிக்கு வைத்த பெயர் அது. போகப் போகக் கேலி உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் முதல் போன் அவளுக்குத்தான். “எனக்கு வேற வேலையே இல்லையா?” என்று சலித்துக்கொள்வாளே தவிர, உள்ளூர அது அவளுக்குப் பிடித்திருந்தது.

கடையில் பணம் வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படியாகப் பச்சை டப்பாக்கள் அடுக்கியிருக்கும். கல்லீரலைக் கழுவி, உடம்பில் சேர்ந்த நச்சையெல்லாம் வெளியேற்றும் என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது. கழுவிக் கவிழ்த்து வைக்கக் கல்லீரல் ஒன்றும் பாத்திரம் இல்லை, கழுவுகிற வேலையே அதனுடையதுதான் என்பது அவளுக்குத் தெரியும். யாராவது, “இது வேலை செய்யுமா?” என்று கேட்டால், “நிறையப் பேர் வாங்குறாங்க” என்பாள். அது பொய்யில்லை. பதிலும் இல்லை.

அண்ணி ஒரு பெரிய துணிக்கடையின் பின்னறையில் தையல் வேலை செய்தாள். வாங்கிய உடைகளை அவரவர் அளவுக்குப் பிடித்தும் பிரித்தும் கொடுக்கிற வேலை. வயிற்று வலி என்று போய் ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்தது. எடையைக் குறைக்க வேண்டும், இனிப்பை விட வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அண்ணி நேராக மருந்துக்கடைக்கு வந்தாள்.

“நாள் முழுக்க மிஷின் மிதிக்கிற காலும்மா இது. இன்னும் நடன்னா எங்க போறது? இந்தப் பச்சை டப்பா எப்படி, நல்லதா?”

அண்ணிக்குப் பின்னால் நாலைந்து பேர் சீட்டோடு காத்திருந்தார்கள். எடுத்துச் சொல்லத் தொடங்கினால் எளிதில் முடியாது. அதைவிட, நீ சொன்னால் சரி என்று எழுதி ஒட்டியதுபோல இருந்தது அண்ணியின் முகம். இல்லை என்று சொல்லி அந்த முகத்தை வாட வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“நல்லதுதான் அண்ணி. மருந்துகூடக் கிடையாது, வெறும் இலைதான். ஈரலைச் சுத்தம் பண்ணிடும்.”

எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லாததை அன்று சொந்த அண்ணியிடம் சொன்னாள். சொன்னபோது ஒன்றும் உறுத்தவில்லை என்பதைப் பின்னாளில் நினைத்து நினைத்து அவள் கூசிப்போனாள்.

சில வாரங்களில் அண்ணிக்குப் பசி விட்டுப்போனது. சாப்பாட்டு வாசனையே குமட்டியது. உடம்பெல்லாம் அரித்தது. நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்று செல்போன் வீடியோவில் யாரோ பேசியிருந்ததைக் கேட்டு, அவளும் பொறுத்துக்கொண்டாள். கடைசியில் உடன் வேலை செய்கிறவள்தான், ஜன்னல் வெளிச்சத்தில் ஊசி கோக்கும்போது அண்ணியின் கண் மஞ்சளாக இருப்பதைக் கவனித்து, அண்ணனுக்குப் போன் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கல்லீரல் வீங்கியிருந்தது, ரத்தப் பரிசோதனையில் எல்லா அளவும் தாறுமாறாக ஏறியிருந்தது. மஞ்சள் காமாலைக் கிருமிகள் எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. டாக்டர் கட்டிலருகே நின்று, வெளியில் வாங்கி மருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்று விசாரித்தார். அண்ணி இல்லை என்றாள். அப்போது அவள் பார்வை ஒரு கணம் நாத்தனார் பக்கம் வந்துவிட்டுப் போனது. குடிப்பழக்கம் உண்டா என்று டாக்டர் அடுத்துக் கேட்டார். அதற்கும் இல்லை என்றாள்.

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் அண்ணன் கதவைச் சாத்தினான். அவர்களுடைய அப்பாவைத் தின்று தீர்த்தது குடி. அந்த வார்த்தை காதில் விழுந்தாலே அவன் ஆளே மாறிவிடுவான்.

“மறைக்காம சொல்லு. வேலை முடிஞ்சு கடையில இருக்கறவங்ககூடப் போறப்பல்லாம் குடிக்கிறியா?”

அண்ணி அவனைப் பார்த்தாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா அந்த அறையில்தான் நின்றிருந்தாள். கையில் ஒரு போர்வை. மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள். வாயைத் திறந்தால் போதும், திறக்கவில்லை. அந்த டப்பாதான் காரணம் என்று யாருக்குத் தெரியும்? கண் மஞ்சளானதுமே நிறுத்தியிருப்பாள். இனி சொல்லி என்ன ஆகப்போகிறது? இப்படி ஒவ்வொன்றாகச் சமாதானம் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். 

மறுநாள் அவள் போனபோது அண்ணன் சாப்பாடு வாங்கப் போயிருந்தான். அண்ணி தண்ணீர் கேட்டாள். அவள் ஊற்றிக்கொடுத்தாள். அண்ணி தலையணைக்கு அடியிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தாள். உள்ளே கண்ணாடி இல்லை. பச்சை மாத்திரைகள் இருந்தன. இரண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“இதை இன்னுமா சாப்பிடுறீங்க?”

“இப்ப ரெண்டு ரெண்டா போடறேன். மஞ்சள் சீக்கிரம் இறங்கட்டுமேன்னுதான்.”

“டாக்டர் கேட்டாரே அண்ணி. ஏன் சொல்லல?”

“மருந்தான்னுதானே கேட்டார்? நீதான் மருந்து இல்ல, வெறும் இலைன்னு சொன்னியே.” அண்ணி குரலைத் தாழ்த்தினாள். “அதோட, எங்க வாங்கினன்னு கேட்பாங்க. உன் வேலைக்கு எதுக்கு வம்பு?”

அவள் அண்ணியின் உள்ளங்கையில் இருந்த இரண்டையும் கூட்டில் இருந்த மீதியையும் பிடுங்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள். வழியில் சாப்பாட்டுப் பையோடு எதிரே வந்த அண்ணன், என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்துவிட்டான்.

டாக்டர் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சைத் தேயிலைச் சாறில் தொடங்கி, அதில் என்னென்ன இருக்கிறது என்று அவளே சொன்னாள். பச்சைத் தேயிலையைக் காய்ச்சிக் குடிப்பது வேறு, அதையே சாறு இறுக்கி மாத்திரையாக விழுங்குவது வேறு; சிலருடைய கல்லீரல் அதைத் தாங்காது என்றார் டாக்டர். அவளுக்கும் அது தெரிந்ததுதான். எப்போதோ பாடத்தில் படித்தது.

“யார் கொடுத்தது?”

“நான்தான்.”

“நீங்க என்ன வேலை பார்க்குறீங்க?”

பெயர் என்ன என்று கேட்டிருந்தால்கூட அவளுக்குச் சட்டென்று வந்திருக்காது. “மருந்தாளுநர்” என்றாள். டாக்டர் திட்டவில்லை. ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். நேற்றே சொல்லியிருக்கலாம் என்று மட்டும் எழுதியபடியே சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டான்: “நேத்து நான் அவளைக் கேட்டப்ப நீ அங்கதானே நின்னுட்டு இருந்த?”

“ஆமா.”

அவன் கட்டிலருகே போய் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தான். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஊட்டினான். அண்ணி இரண்டு வாய் வாங்கிக்கொண்டு போதும் என்றாள்.

மாத்திரையை நிறுத்தியதும் மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது. இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் வேறு கல்லீரலுக்கு அலைய வேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். உடம்பு பழையபடி தேற மாதக்கணக்கானது.

அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ரத்த அழுத்த மாத்திரையைத் தெருக்கோடிக் கடையில் வாங்கிக்கொண்டு, அவள் கடை வாசல் வழியாகவே திரும்பிப் பாராமல் போவான். பச்சை டப்பாவை இனி நான் எடுத்துக் கொடுக்கமாட்டேன் என்று அவள் முதலாளியிடம் சொன்னாள். எல்லாக் கடையிலும் விற்கிறதே, நமக்கு மட்டும் என்ன என்றார் அவர். டப்பாக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. கேட்பவர்களிடம் வேண்டாம் என்றாள். சிலர் வைத்துவிட்டுப் போனார்கள். பலர், உனக்கு வியாபாரம் தெரியவில்லை என்று சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அண்ணி வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டு ஒருநாள் அந்தத் துணிக்கடைக்குப் போனாள். பின்னறையில் அண்ணி ஒரு கால்சட்டையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முகம் இளைத்திருந்தது. வா என்று ஸ்டூலைக் காட்டினாள். வீட்டு விஷயங்கள் விசாரித்தாள். அந்தச் சகஜத்தை அவளால் தாங்க முடியவில்லை.

“என்னை நல்லாத் திட்டிடுங்க அண்ணி.”

“திட்டினா உனக்குப் பாரம் இறங்கிடும்.” அண்ணி பல்லால் நூலைக் கடித்தாள். “மாத்திரை கொடுத்ததுக்கு எனக்குக் கோபமில்ல. நல்லதுன்னு நினைச்சுக் கொடுத்திருப்ப.”

அவள் நல்லது என்று நினைத்துக் கொடுக்கவில்லை. அதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். 

“ஆனா உங்கண்ணன் என்னை அப்படிக் கேட்டப்ப, நீ ஒரு வார்த்தை சொல்லலை பாரு. ஈரல் ஆறிடுச்சும்மா. அது இன்னும் ஆறலை.”

அண்ணி துணியை ஊசிக்கு அடியில் தள்ளி மிஷினை மிதித்தாள். அந்தச் சத்தத்தில் இனி எதுவும் பேச முடியாது. டாக்டரம்மா எழுந்து, “நான் நல்லதுன்னு நினைச்சுக் கொடுக்கல அண்ணி” என்று அந்தச் சத்தத்தையும் மீறிச் சொன்னாள்.

மிஷின் நின்றது. அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.