இரண்டாவது கியரில் ஓர் இறக்கம்

பிரேக் பிடிக்காமல் போன அந்த இறக்கத்துக்குப் பிறகு அத்தான் பேருந்து ஓட்டவில்லை. யாரும் சாகவில்லை. மணல்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டார். ஆனாலும் ஓட்டுநர் இருக்கையில் ஏறவே பயந்தார். டிப்போவில் வண்டி கழுவும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காலைதோறும் முழங்காலில் நின்று, இந்தப் பயத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று ஜெபிப்பார். பயம் அசையவில்லை. அவரும் ஜெபத்தை விடவில்லை. இரண்டில் எதற்குப் பிடிவாதம் அதிகம் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா மகளுக்கு ஆற்றில் ஞானஸ்நானம். ஆறு அதே இறக்கத்துக்குக் கீழே. சபையே வாடகைப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, அதை ஓட்ட வந்த பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு வெளியே தரையில் சுருண்டுவிட்டான். எல்லோரும் அத்தானைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

"அடுத்த வாரம் வச்சுக்கலாம்," என்றார் பாஸ்டர்.

"நான் இன்னைக்குத்தான் முங்குவேன்," என்றாள் மகள். "அப்பா, நீங்க ஓட்டுங்க."

"பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான் தண்ணின்னா பயம். பாஸ்டர் கைய விட்டுட்டா?"

பாஸ்டர் அவசரமாக இல்லை என்று தலையாட்டினார்.

அத்தான் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையனிடம் கையை நீட்டினார்.

"சாவியக் குடுப்பா. பயம் போகட்டும், அப்புறம் ஓட்டுவோம்னு இருந்தேன். ஆண்டவர் அத எடுத்துப்போடுற மாதிரி தெரியல. அதுவும் கூட வரட்டும்."

பையனைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். ஓட்டுநருக்குப் பின்னால் மைக் அத்தை. மைக் தேவைப்படாத குரல் என்பதால் அந்தப் பெயர்.

"மாப்ள, நாங்க கண்ண மூடி ஜெபிக்கிறோம். நீங்க தெறந்துக்கிட்டே ஜெபிங்க."

இறக்கத்தின் தலையில் அத்தான் வண்டியை நிறுத்தினார். இறங்கி, பிரேக் ஒட்டிக்கொண்டு சக்கரம் எதுவும் சூடேறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மேலே வந்து பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தார். இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும் என்று இரண்டாவது கியரைப் போட்டார். மைக் அத்தை தைரியமூட்டப் பாட்டெடுத்தார்.

"பாட்டு வேணாம் அத்தை. இஞ்சின் சத்தம் கேக்கணும்."

பேருந்து கப்சிப்.

"இத்தனை வருஷத்துல இந்தச் சபை இப்படி வாய மூடி நான் பாத்ததில்ல," என்று பாஸ்டர் என் காதில் சொன்னார்.

இறங்கினோம். மாட்டுவண்டி வேகம்தான். அத்தானின் கை நடுங்கியது; உதடும் அசைந்துகொண்டே இருந்தது. ஸ்டியரிங் மட்டும் நேராக நின்றது. மணல்மேடு வந்தது, போனது. எதையும் நம்பாத நான் முன்கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன். சமதரை வந்ததும் அத்தான் மூச்சை விட்டார்.

"இப்பப் பாடுங்க."

ஆளுக்கொரு சுருதியில் கத்தினார்கள். நானும்தான்.

மகள் முங்கி எழுந்து, "மூக்குல ஏறிடுச்சு," என்று இருமிக்கொண்டே சிரித்தாள். பாஸ்டர் கையை விடவில்லை. கரையில் அக்கா கேட்டாள்: "பயம் போயிடுச்சா?"

"இல்ல. உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டு வந்துச்சு."

கிளம்பும்போது பையன் தேறிவந்து சாவிக்குக் கை நீட்டினான். அத்தான் ஏற்கெனவே இருக்கையில் ஏறியிருந்தார்.

"நீ போய்ப் படு தம்பி," என்றார்.