இரண்டாம் அடியில் ஒரு பெயர்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் எங்கோ உட்கார்ந்து யாரோ கோடு போட்டார்கள். ஊரின் நடுத்தெருவில் கம்பிவேலி வந்தது. அந்தப் பக்கம் செக்கோஸ்லோவாக்கியா, இந்தப் பக்கம் சோவியத். வேலி தாண்டிப் பேசினால் சிறை. பாட்டுக்குத் தடையில்லை, ஊர்க்காரர்கள் பேசும் ஹங்கேரிய மொழி ரஷ்யக் காவலர்களுக்குத் தெரியாது. அதனால் தோட்டத்தில் களை கொத்திக்கொண்டே பெண்கள் ஊர்ச்சேதியெல்லாம் பாட்டாகவே அனுப்பினார்கள்.

அன்று காலை எடெல்காவுக்குக் கை ஓடவில்லை. கட்டாய வேலை முகாமிலிருந்து தப்பி வந்த தம்பி டேனெஷ் அவளுடைய வைக்கோல் கொட்டகையில் பதுங்கியிருந்தான். அவன் எந்த வழியாக வேலியைத் தாண்டலாம் என்று அந்தப் பக்கத்திலிருந்து அக்கா வில்மா பாடுவாள். ஆனால் காவலுக்குப் புதிதாக ஒருவன் வந்திருந்தான்.

"இவனுக்கு நம்ம பேச்சு தெரியும்டி" என்று எடெல்கா பக்கத்து வீட்டு ரோசாலியிடம் கிசுகிசுத்தாள்.

"உனக்கு நிழலப் பாத்தாலும் ஒற்றன்தான். இரு, சோதிச்சுப் பாத்துருவோம்." ரோசாலி ராகம் இழுத்தாள். "முட்டைக்கோசு எலையாட்டம் ரெண்டு காது, பன்னி தின்னாம எப்படி விட்டுச்சோ..."

வேலியின் இருபுறமும் சிரிப்பு. காவலன் அசையவில்லை.

"பாத்தியா? வெறும் கட்டை."

"எதுக்குச் சிரிக்கிறாளுகன்னு ஒரு தடவை திரும்பிப் பாத்தானா? பேச்சு தெரியாதவன்னா திரும்பிப் பாத்திருப்பான்டி."

ரோசாலியின் களைக்கொத்து நின்றது.

அதற்குள் வில்மா தொடங்கிவிட்டாள். "தங்கச்சி, மாவுமில்லுக்குப் பின்னால ஓடை, ஓடைக்கு அந்தாண்ட..."

எடெல்கா சட்டென்று ஒப்பாரி எடுத்தாள். ஒப்பாரி கேட்டால் வேறு பாட்டு நிற்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். நின்றது. இரண்டாம் அடியில் செத்தவர் பெயர் வந்தாக வேண்டும் என்பதும் வழக்கம்தான். வாயைத் திறந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. விடியற்காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த ஒரே பெயர் வெளியே வந்துவிட்டது. டேனெஷ்.

வில்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து அலறினாள்.

"என்னடி பண்ணித் தொலைச்சே?" ரோசாலி தாழ்ந்த குரலில் பல்லைக் கடித்தாள்.

"அவ பாட்ட நிறுத்தினேன்."

"நிறுத்தினே. பொணம் வீட்டுல கெடந்தாத்தானே ஒப்பாரி? இவனுக தேடுற ஆளு இங்கதான் இருக்கான்னு நீயே சொல்லிட்டியே."

காவலன் தொப்பியைக் கழற்றினான். வேலியோரமாக மெல்ல நடந்து வந்து, எடெல்காவின் பாத்தி முன் நின்று, துக்கம் விசாரிக்கிற குரலில், சுத்தமான ஹங்கேரியத்தில் கேட்டான்.

"பாவம், சின்ன வயசு. ஒடம்பு வீட்லதான் இருக்காம்மா? எப்ப எடுக்கறீங்க?"

கொட்டகைப் பக்கம் கண் போய்விடாமல் எடெல்கா அவன் முகத்தையே பார்த்தாள். அவனும் அவள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.