குரைப்பதை நிறுத்தினால் ஒரு பிஸ்கெட்

மார்ச் 13, வியாழன்.

நேற்றைய பக்கத்தில் ஃப்யூஸ் இருபத்தொன்பது முறை குரைத்ததாக எழுதியிருக்கிறேன். தவறு. முப்பத்தொன்று. இரண்டு முறை நான் குளித்துக்கொண்டிருந்தேன்; காதில் விழுந்தது, வெளியே வந்து குறிக்க மறந்துவிட்டேன்.

அதை முதலில் எழுதிவிட்டேன். அடுத்து எழுத வேண்டியதற்குக் கை ஓடவில்லை.

இந்த வீட்டில் மூன்று அறை, ஒரு சமையலறை, மூன்று வாடகைக்காரர்கள்: எலக்ட்ரீஷியன் அண்ணன், நர்ஸ் அக்கா, மாலைக் கல்லூரியில் படிக்கும் நான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலி வீட்டில் ஸ்விட்ச்போர்டு மாற்றப் போன அண்ணன், அங்கே குடியிருந்தவர்கள் குழாயில் கட்டிவிட்டுப் போயிருந்த நாயோடு திரும்பி வந்தார்.

"ஒரே ஒரு நாள்தான். எப்போ போகும்னு சொல்ல முடியாது, அதனால பேரு ஃப்யூஸ்" என்றார்.

போகவில்லை. நைட் ட்யூட்டி முடித்துப் பகலில் தூங்கும் அக்கா கதவைத் திறந்து, "அண்ணே, ஊசி அதுக்குப் போடவா, உங்களுக்குப் போடவா?" என்று கேட்டாள். மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா மார்ச் பதினான்கு வரை கெடு வைத்தார். அதற்குள் குரைப்பு அடங்காவிட்டால் நாய் வெளியே.

பழக்குகிறேன் என்று நான்தான் வலியப் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்தே நாளுக்கு எத்தனை முறை குரைக்கிறது என்று ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். "உட்கார்" என்றால் என் செருப்பின் மேல் படுத்துக்கொண்டது. "வா" என்றால் அண்ணனிடம் போனது. குரைப்பை மட்டுமாவது ஒழுங்காகச் செய்வோம் என்று சமையலறைக் கதவில் விதி எழுதி ஒட்டினேன்: குரைப்பதை நிறுத்திய உடனே ஒரு பிஸ்கெட், மூவரும் தவறாமல் கொடுக்கவும், நோட்டில் குறிக்கவும். தவறாமல் கொடுத்தோம். அக்கா தலையணைக்கடியில் பாக்கெட் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே கதவிடுக்கு வழியாக ஒன்றைத் தள்ளிவிடுவாள். சத்தம் சட்டென்று நிற்கும். ஒவ்வொரு முறையும் நின்றது. ஆனால் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

இன்று காலை வீட்டுக்காரம்மா கேட்டபோது அட்டவணையை நல்லபடியாகப் பிரதியெடுத்து, அடியில் சிவப்பு மையில் "பழக்க முடியாத நாய்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் மேல் எனக்குச் சந்தேகம் வராத நாளே கிடையாது. அந்த ஒரு வரியில் மட்டும் வரவில்லை.

"படிக்கிற பொண்ணே எழுதிக் குடுத்தாச்சு, அப்புறம் என்ன பேச்சு?" என்று அங்கேயே நின்று, மரக்கிடங்கு வைத்திருக்கும் கொழுந்தனாருக்குப் போன் செய்தார். நாளை ஒன்பது மணிக்கு நாயை ஏற்றிப்போக வண்டி வரும். கிடங்கில் நாள் முழுக்கச் சங்கிலி.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "நீ எழுதினா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார்.

மாலை புள்ளியியல் வகுப்பில், வீட்டிலிருந்து கொண்டுவந்த எண்களை வைத்து வரைபடம் போடச் சொன்னார்கள். எனக்கு வேறு எண் ஏது? பக்கத்தில் உட்காரும் பஸ் கண்டக்டர் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"நாலு, மூணு, நாலுன்னு தரையோட போன கோடு, இங்க இருந்து மாடிப்படி ஏறுதே? இந்த எடத்துல என்ன பண்ணுன?"

"பிஸ்கெட் ஆரம்பிச்சோம்."

"குரைச்சா பிஸ்கெட்டா?"

"ஐயோ, இல்லக்கா. நிறுத்தினா."

"நிறுத்தணும்னா மொதல்ல குரைக்கணுமேடி!"

சிரித்தாள். நான் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். நாளுக்கு நாலு முறை குரைத்த நாய். அது வாசல் மணிக்கும் பால் வண்டிக்கும்தான் குரைத்திருக்கிறது. மற்ற இருபத்தேழும் நான் சொல்லிக்கொடுத்தது. தேதி போட்டு, கட்டம் போட்டு, தினமும் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன், ஒரு நாள்கூடப் படித்துப் பார்க்கவில்லை.

பாதி வகுப்பில் எழுந்து வந்துவிட்டேன். சமையலறையில் அண்ணன், நர்ஸ் அக்கா இருவரையும் நிறுத்திப் பிஸ்கெட் பாக்கெட்டைக் கையில் எடுத்தேன். ஃப்யூஸ் ஒரே ஒரு முறை குரைத்தது. நிறுத்தியது. என் கையைப் பார்த்தது. நான் கொடுக்கவில்லை. இன்னொரு முறை குரைத்து, நிறுத்தி, இந்தத் தடவை அக்காவின் கையைப் பார்த்தது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடக் கடவுளே, என் தூக்கத்துக்கு நானே வேட்டு வச்சிருக்கேன். அதுவும் பாக்கெட் பாக்கெட்டா!"

அண்ணன் சிரிக்கவில்லை. "அப்போ இது மக்கு இல்லையா?" என்று மட்டும் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் குனிந்து நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிமிரவில்லை.

மாடிக்கு ஓடினேன். பூட்டு. வீட்டுக்காரம்மா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், காலையில்தான் வருவாராம். போனையும் எடுக்கவில்லை.

நாளை: ஆறு மணிக்கே மாடிப்படியில் போய் உட்கார வேண்டும். அவர் வந்ததும் அந்தத் தாளைத் திருப்பி வாங்கி, சிவப்பு வரியை அடித்துவிட்டு, தவறு பழக்கியவளுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வண்டியை நிறுத்தச் சொல்லி, குரைக்காமல் இருக்கும்போது பிஸ்கெட் கொடுத்துப் பழக்க இரண்டு வாரம் கேட்க வேண்டும்.