வெர்னெல் வீட்டு ஆமென்

ஹோலிஸ் மேபரிக்குக் காரை விட்டு இறங்க மனசே வரவில்லை. வெர்னெல் டாலிவர் வீட்டு முன்னால் புல்லில் ஒரு பலகை நட்டு வைத்திருந்தாள். சிவப்புப் பலகை, மஞ்சள் எழுத்து. "டன்மோர் ஸ்டேட் வீரன் இந்த வீட்டில்தான் இருக்கிறான்!" ஹோலிஸ் சம்பளம் வாங்குவதும் அதே டன்மோர் ஸ்டேட் காலேஜில்தான். அந்த வீரனுக்கு அங்கே இடம் இல்லை என்று சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அத்தனை தூரம் வண்டி ஓட்டி வந்திருந்தான்.

தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒருத்தன் மேல் ஒருத்தன் லாரி மாதிரி மோதிக்கொள்கிறார்களே, அந்த ஃபுட்பாலுக்கு ஆள் பிடிப்பது அவன் வேலை. மிசிசிப்பியின் தெற்குப் பக்கம் முழுக்க அவன் வசம். ஹைஸ்கூல் பையன்கள் வீடு வீடாகப் போவான். அம்மாக்கள் போடுவதையெல்லாம் தின்பான். இந்த வேலைக்கு மூளை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, வயிறு திடமாக இருக்க வேண்டும். "எங்க காலேஜுக்கு வா, படிப்பு, சாப்பாடு, தங்கற இடம் எல்லாம் எங்க பொறுப்பு" என்பான். பையன் சரி என்பான். காகிதம் கிடையாது, வெறும் வாய்வார்த்தை. கையெழுத்து எல்லாம் பிப்ரவரியில், வருகிற புதன்கிழமை. அதுவரைக்கும் யார் வேண்டுமானாலும் கழன்றுகொள்ளலாம், சட்டம் ஒன்றும் கேட்காது.

சட்டம் கேட்காது, சரி. வெர்னெல் கேட்பாளே!

போன கோடையில் அவள் பிள்ளை டெமெட்ரிக் "வர்றேன் கோச்" என்று சொன்ன அன்றைக்கு, அவள் சும்மா விடவில்லை. மூன்று பேரும் மேஜையைச் சுற்றிக் கை கோத்து உட்கார வேண்டியதாயிற்று. "கடவுளே, இந்த மனுஷன் என் பிள்ளைக்கு இடம் தர்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கார். என் பிள்ளை போறேன்னு வாக்குக் கொடுத்திருக்கான். ரெண்டு பேர்ல எவன் மாத்திப் பேசினாலும் அவனை நீயே கவனிச்சுக்கோ" என்று ஜெபித்தாள். அன்றைக்கு மூன்று பேரில் சத்தமாக ஆமென் சொன்னது ஹோலிஸ்தான்.

அக்டோபரில் ஒரு ஆட்டத்தில் டெமெட்ரிக்கின் முட்டியில் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. நேற்று பெரிய கோச் ஸ்ட்ரிக்லாண்ட் ஹோலிஸைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"முட்டி போன பையனை வச்சு நான் என்ன பண்றது? வேற காலேஜ்லேர்ந்து நல்லா வளர்ந்த ஆள் ஒருத்தன் வர்றான். அந்த இடம் அவனுக்கு."

"கோச், நாம வாக்குக் கொடுத்திருக்கோம்."

"இப்ப யாரு இல்லேன்னா? நாம வாபஸ் வாங்கலையே! அடுத்த ஜனவரி வரைக்கும் காத்திருக்கச் சொல்லு. அப்ப பார்க்கலாம்னு சொல்லு. பையன் தானா கழண்டுக்குவான். அவன் கழண்டா நம்ம பேரு கெடாது பாரு."

கழுத்தை அறுக்கிறவன் கத்தியை அடுத்தவன் கையில் கொடுத்து அறுக்கச் சொல்வது இதுதான். ஹோலிஸுக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

வீட்டுக் கதவு திறந்தது. சர்ச்சுக்குப் போட்ட ஊதா கவுனும் அதே நிறத் தொப்பியுமாக வெர்னெல் நின்றாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஒரு அதட்டலில் பஸ் முழுக்கப் பிள்ளைகள் அடங்குவார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

"என்ன கோச், கார்லயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? மீன் ஆறுது, வாங்க!"

உள்ளே வறுத்த கெளுத்தி மீன், புகை போட்ட இறைச்சியோடு வேகவைத்த கீரை, சோளரொட்டி. மேஜையின் ஒரு பக்கம் முழுவதையும் டெமெட்ரிக் அடைத்துக்கொண்டிருந்தான். கதவளவு அகலம், முகம் மட்டும் குழந்தை முகம். கட்டுப் போட்ட காலை நீட்டி, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் தடவை பரிமாறச் சொல்கிற பையன் ஒரு வாய்கூட வைக்கவில்லை.

ஹோலிஸ் தொண்டையைச் செருமினான். ஜனவரி, காத்திருத்தல், அப்ப பார்க்கலாம் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. வாய் திறக்குமுன் பையன் திறந்துவிட்டான்.

"கோச், நான் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. நான் டன்மோருக்கு வரலை."

வெர்னெல் கையிலிருந்த கரண்டி கீரையிலேயே நின்றது.

"பெத்தேல் க்ரீக் காலேஜ் கோச் அட்வுட் ஆபரேஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கே வந்தாரு. அப்புறமும் வந்தாரு. சின்ன காலேஜ்தான், தெரியும். ஆனா முட்டி சரியாகலேன்னாலும் நாலு வருஷமும் படிக்க வைக்கிறேன், எழுதியே தர்றேங்கறாரு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். டன்மோர்லேர்ந்து..." பையன் குரல் இறங்கிவிட்டது. "டன்மோர்லேர்ந்து அப்புறம் யாரும் ஒரு போன்கூடப் பண்ணலை கோச்."

சுருக்கென்று குத்தத்தான் செய்தது. ஆனால் குத்தினதை விட நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்ததுதான் அதிகம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது! அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பையனே கழன்றுகொண்டான். பெரிய கோச்சுக்கும் சந்தோஷம், பையனுக்கும் நல்ல இடம், தன் பேரும் கெடவில்லை. ஹோலிஸ் முகத்தைக் கொஞ்சம் வருத்தமாக வைத்துக்கொண்டான், ரொம்ப இல்லை, பெருந்தன்மைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

"பரவாயில்ல தம்பி. மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா உனக்கு எது நல்லதோ அதைச் செய். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீன் எடுத்துப் போட்டுக்கொண்டான். பாவி, அங்கேயே எழுந்து கிளம்பியிருக்கலாம்.

"உட்காருங்க கோச்" என்றாள் வெர்னெல், அவன் உட்கார்ந்துதான் இருந்தான். "யாரைக் கேட்டுப் பரவாயில்லேன்னீங்க? டேய், இந்த மேஜைல உட்கார்ந்து வாக்குக் கொடுத்தியா, இல்லையா?"

"கொடுத்தேம்மா. ஆனா..."

"ஆனாவும் இல்ல ஆவன்னாவும் இல்ல! கடவுளைச் சாட்சி வச்சுக் கொடுத்த வாக்கு. முட்டி போச்சுன்னு இந்த மனுஷன் உன்னைக் கைவிட்டாரா? ஞாயித்துக்கிழமைகூட வீட்ல இருக்காம உனக்காக வந்து உட்கார்ந்திருக்கார் பாரு! அவர் வாக்கை அவர் காப்பாத்தறார், உனக்கு என்ன கேடு? போனை எடு. அந்த அட்வுட்டுக்கு வரலேன்னு சொல்லு. இப்பவே, என் கண் முன்னால."

"மிஸ் வெர்னெல், பையன் இஷ்டத்தையும் நாம கொஞ்சம்..."

"நீங்க சும்மா இருங்க கோச். உங்க நல்ல மனசு அப்படித்தான் பேசும். எனக்குத் தெரியாதா?"

ஹோலிஸ் கையிலிருந்த மீனைத் தட்டில் வைத்தான். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டே பையன் நம்பரைத் தேடினான். இதோ அழுத்தப் போகிறான். அழுத்திவிட்டால் அந்த இடமும் போச்சு, இந்த இடம் நேற்றே போச்சு. புதன்கிழமை பள்ளிக்கூட ஜிம்மில் எல்லாரும் சேரப்போகிற காலேஜின் தொப்பியை மாட்டிக் கைதட்டல் வாங்கும்போது இவன் கையில் ஒன்றுமே இருக்காது. ஹோலிஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாரும் அவனை ஒரு குற்றமும் சொல்ல மாட்டார்கள். பிறகு ஒரு போனில் ஜனவரி கதையைச் சொல்லிக்கொள்ளலாம். அப்படி எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறான்! ஆனால் அந்த அம்மாக்கள் யாரும் அவன் முகத்துக்கு நேரே அவனை நல்லவன் என்று சொல்லிக்கொண்டு நிற்கவில்லை.

"போனை வை!"

கத்தியது தான்தான் என்று அவனுக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

"வை தம்பி. டன்மோர்ல உனக்கு இடம் இல்லை. நேத்தே முடிவாயிடுச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன். அதையும் நேரா சொல்ல வரலை. ஜனவரி வரைக்கும் காத்திருன்னு சொல்லி, நீயா ஓடிப்போற மாதிரி பண்ணிட்டு வரச் சொன்னாங்க. சரின்னுட்டு வந்தேன்."

வெர்னெல் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அந்தத் தொப்பியோடு அவள் கொடுத்து வந்த மரியாதையும் இறங்கிவிட்டது.

"அப்போ நீ என் மீனைத் தின்னுக்கிட்டு என் பிள்ளையை மன்னிச்சிருக்க?"

"ஆமா, மிஸ் வெர்னெல்."

"இன்னொரு துண்டு வேற எடுத்துப் போட்டுக்கிட்ட?"

"போட்டுக்கிட்டேன்."

திடீரென்று மேஜை ஆடிற்று. டெமெட்ரிக் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் காயவில்லை, அப்படி ஒரு சிரிப்பு. சோளரொட்டியெல்லாம் தட்டில் துள்ளிற்று.

"எதுக்குடா பல்லைக் காட்டற? நீ மட்டும் யோக்கியனா?"

"அப்போ நான் வாக்கு மாறலையாம்மா?"

"நீ மாறினே. இவன் உனக்கு முன்னாடியே மாறிட்டான். அவ்வளவுதான் வித்தியாசம்." அவள் வாய் ஓரம் துடித்தது. அவளும் சிரித்துவிடுவாள் போலிருந்தது, ஆனால் இடம் கொடுக்கவில்லை. "கூப்பிடு அந்த அட்வுட்டை. ஸ்பீக்கர்ல போடு."

மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. டெமெட்ரிக்கின் சிரிப்பு நின்றுபோயிற்று. ஹோலிஸ் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஹலோ? அட்வுட் பேசறேன்."

"கோச், நான் டெமெட்ரிக். அந்த இடம் இன்னும்..."

"உனக்காகத்தான் வச்சிருக்கேன். எங்க போயிடும்?"

வெர்னெல் போனைப் பிடுங்கினாள். "நான் அவன் அம்மா. முட்டி சரியாகவே இல்லேன்னா?"

"அப்பவும் அவன் எங்க பையன்தான் மேடம். படிப்பு நிக்காது."

"எழுதித் தருவீங்களா?"

"நாளைக்கே கொண்டு வர்றேன்."

"கொண்டு வாங்க. முதல்ல காகிதம், அப்புறம்தான் மீன்."

போனை வைத்ததும் மூன்று பேருமே ஒரு பெருமூச்சு விட்டார்கள். போன உயிர் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. ஸ்ட்ரிக்லாண்ட்.

"என்னாச்சு? பையன் கழண்டுக்கிட்டானா?"

"இல்ல கோச். நாமதான் கழண்டோம்னு சொல்லிட்டேன்."

"நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வா" என்று மட்டும் வந்தது. வேலை போனாலும் போகலாம். ஆனாலும் அப்போது அவனுக்குப் பசித்தது, நேற்றிலிருந்து முதல் தடவையாக நிஜமாகவே பசித்தது.

வெர்னெல் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பெரிய கேக்கை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். புதன்கிழமைக்காகக் கடையில் செய்யச் சொல்லி வாங்கியது. சிவப்பு க்ரீம், மஞ்சளில் டன்மோர் ஸ்டேட்.

"பெத்தேல் க்ரீக்குக்கு என்ன நிறம்?"

"பச்சைம்மா."

"பச்சை நான் பூசிக்கறேன்." வெண்ணெய்க் கத்தியை ஹோலிஸ் கையில் திணித்தாள். "உன் காலேஜ் பேரை நீயே சுரண்டு. கேக் பிஞ்சுது, நீ வீடு போய்ச் சேர மாட்ட."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவன் சுரண்டினான். 'டன்மோர்' சுலபமாக வந்துவிட்டது. 'ஸ்டேட்' கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது. டெமெட்ரிக் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, சாப்பிடாத நாளுக்கெல்லாம் சேர்த்துச் சாப்பிடுகிறவன் மாதிரி மீனைத் தின்றான்.

கேக் வெறுமையானதும் வெர்னெல் கையை நீட்டினாள். "கொடுங்க ரெண்டு பேரும்."

ஹோலிஸ் தயங்கினான். கையெல்லாம் சிவப்பு க்ரீம்.

"கொடுன்னேன்ல!"

கொடுத்தான். அவள் பிடி இறுகியிருந்தது. அவளும் பயந்துபோயிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு வெர்னெல் சொன்னாள்:

"கடவுளே, போன கோடையில நான் உன்கிட்ட ஒண்ணு கேட்டேன், மாத்திப் பேசறவனை நீயே கவனிச்சுக்கோன்னு. அதை வாபஸ் வாங்கிக்கறேன். ரெண்டு பயலையும் ஒண்ணும் பண்ணிடாதே."

இந்தத் தடவை மூன்று பேரில் சத்தமாக ஆமென் சொன்னது அவள்தான்.