தாய் இறால் ரூமு

அந்த ரூமுல ஒரே ஒரு செவப்பு பல்புதான் எரியும். பெரிய லைட்டும் ஆகாது, சத்தமும் ஆகாது. தாய் இறால் மெரண்டுச்சுன்னா ஏறுன சினைய அப்படியே உடம்புக்குள்ளயே கரைச்சு இழுத்துக்கும், அப்புறம் பண்ணைக்குக் குஞ்சு ஏது? அதனால ஓரகத்திங்க ரெண்டு பேரும் ஈரத் தரையில வெறுங்காலோட பூன மாதிரி நடந்துதான் வேல பாப்பாங்க.

டார்ச் வேல சின்னவளோடதா இருந்துச்சு. தொட்டியில குனிஞ்சு இறால் முதுகுல வெளிச்சம் அடிச்சுப் பாக்கணும். மொதல்ல நூலாட்டம் ஒரு கோடு தெரியும். தின்ன தீனியெல்லாம் முட்டைக்குள்ள மஞ்சக்கருவா ஏற ஏற, கோடு தடிச்சு, கரும்பச்சையாகி, பட்டம் மாதிரி விரியும். விரிஞ்சத வாளித் தண்ணியில போட்டு, முட்ட போடுற தொட்டிக்குத் தூக்கிட்டுப் போறது பெரியவ.

சின்னவ போன வாரம் சூப்பர்வைசர்கிட்ட, "முழுகாம இருக்கேன் சார்"னு சொன்னா. சொல்லாம இருந்திருக்கலாம் பாருங்க. மறுநாளே டார்ச்சப் புடுங்கிப் பெரியவ கையில குடுத்துட்டாரு.

"நீ திடீர்னு படுத்துட்டா சினை பாக்க நான் எங்கம்மா போவேன்? இவ பழகிக்கட்டும். வாளிய யாரு வேணா தூக்கலாம்."

"வாளி ரொம்ப கனம் சார்."

"முடியலன்னா வீட்ல இரு. நானா வேணாங்குறேன்?"

வீட்ல எங்க இருக்குறது? புருஷன் கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டுப் படுத்திருக்கான். இவ நின்னா அடுப்பும் நிக்கும்.

பெரியவளுக்கு மனசு கேக்கல. அவரு அந்தப் பக்கம் போனதும் டார்ச்சச் சின்னவகிட்ட நீட்டிட்டு வாளிய இவ வாங்கிக்குவா. அந்த இருட்டுல யாரு யாருன்னு யாருக்குத் தெரியப் போகுது?

இன்னிக்கும் அப்படித்தான். சின்னவ தீனித் தட்டப் பாத்து முனகுனா. "கணவாய், ஈரல், புழு... நமக்கு எவன்க்கா இப்படி வெட்டிப் போட்டான்?"

"ஒரு கண்ணக் குடு, போடுவாங்க. சினை சீக்கிரம் ஏறணும்னு இதுங்களுக்கு ஒரு கண்ணத் தீச்சு விட்ருக்காங்கல்ல."

"உங்க மாமியாரு ரெண்டு கண்ணையும் கேப்பாங்க."

"ஏன், உனக்கு மட்டும் வேற மாமியாரா?"

ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அப்பத்தான் கதவு தெறந்துச்சு. பெரியவ பதறிப் போயி வாளிய வெச்சுட்டு டார்ச்சப் புடுங்கிக்கிட்டா. சின்னவ வாளியத் தூக்குனா. ரொம்பி நின்ன வாளி. நாலு எட்டு வெச்சிருப்பா, அடிவயித்துல சுளீர்னு இழுத்துச்சு. வாளி கவுந்துச்சு, அவ அப்படியே தரையில உக்காந்துட்டா.

சூப்பர்வைசர் ஓடி வந்து மண்டி போட்டாரு. தரையில துள்ளுன இறால ரெண்டு கையாலயும் அலுங்காம ஏந்தித் தொட்டியில விட்டாரு. "டார்ச்சக் குடு, டார்ச்சக் குடு"ன்னு வாங்கி முதுகுல அடிச்சுப் பாத்தாரு.

"நல்லவேள, கலையல."

"சார், இவ எந்திரிக்க மாட்டேங்குறா. லைட்டப் போடுங்க சார்."

"மெதுவாப் பேசும்மா. லைட்டப் போட்டா மத்ததெல்லாம் மெரண்டுரும். சத்தமில்லாம வெளிய கூட்டிட்டுப் போ."

பெரியவ அவ அக்குளுக்குள்ள கையக் குடுத்துத் தூக்குனா. பொடவையில இருந்து காலு வழியா தரையில ஓடுறது வாளித் தண்ணியா, வேறயா? குனிஞ்சு குனிஞ்சு பாக்குறா. அந்தச் செவப்பு வெளிச்சத்துல எல்லாமே ஒரே நெறமாத்தான் இருக்கு.